பாட்டி வீட்டுக்கு வரி

கேள்வி: பன்னாட்டு வணிகம், வளர்ச்சிப் பொருளியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. வெளிநாடு போனால்தான் நல்ல தலைப்பு கிடைக்குமா?
– வாசகர், திருக்கழுக்குன்றம்

பதில்: பட்டத்துக்குப் போங்கள், விசா கொடுத்தால். தலைப்புக்கு மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் பக்கமாக ஒரு பஸ் டிக்கெட் போதும்.

வழியில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. வன்னாமெய் என்ற வகையின் தாய் இறால் ஹவாய், புளோரிடாவிலிருந்து விமானத்தில் வரும். (நமக்கு முன்னால் அதற்கு விமானப் பயணம்!) நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று சான்று தந்த பிறகே பொரிப்பகத்துக்கு அனுமதி. அதன் குஞ்சு நம்மூர்க் குளங்களில் வளர்ந்து, உறைந்து, பெட்டியில் அடைபட்டு அமெரிக்காவுக்கே கப்பலேறுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. பேத்தி பாட்டி வீட்டுக்குப் போக வாசலில் வரி!

அந்தச் சுமையில் எத்தனை பங்கு அமெரிக்கச் சாப்பாட்டு மேஜைக்கு, எத்தனை பங்கு நம் குளத்துக்காரர் தலைக்கு? இதைக் கணக்கிட்டாலே முனைவர் பட்டம்தான். அடையாறு மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் (எம்.ஐ.டி.எஸ்.), கோட்டூர்புரம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இரண்டிலும் ஆய்வு செய்யலாம். எகனாமெட்ரிக்ஸை மட்டும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். அதில் இறால் உதவாது.