அரை பர்சன்ட் ஆசாமி

“சார், உங்க எஸ்.பி. அக்கவுன்ட்டுக்கு எவ்ளோ தர்றான்?”

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அரை பர்சன்ட் ஆசாமிக்குக் கிடையாது. தெரியாது என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பொதுத்துறை வங்கி, ரெண்டரை என்று சொல்லிவிட்டாலோ அன்றைய மதியச் சாப்பாடு போச்சு.

வீடு வாங்கப் போகிறார். மேடவாக்கம் பக்கம் டபுள் பெட்ரூம், 50 லட்சம். வங்கி 80 சதவீதம்தான் கடன் தரும். மீதியும் பத்திரச் செலவும் நம்முடையது. அதற்காக 12 லட்சம் சேர்த்துவிட்டார். அது எந்த வங்கியில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது.

எஃப்.டி.யில் போட்டுத் தொலைக்கலாமே? “திடீர்னு நல்ல வீடா அமைஞ்சிட்டா? பாதியில உடைச்சா வட்டியைக் குறைப்பான் சார்!” அந்தத் திடீருக்காகத்தான் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்.

2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கு வட்டியை அந்தந்த வங்கியே வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதுவரை எல்லா வங்கியிலும் ஒரே வட்டி, கடைசியாக 4 சதவீதம். மனிதரும் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் புது வங்கிக்குள் நுழைகிற அழகைப் பார்க்க வேண்டும். வாசலில் ‘7 சதவீதம் வரை’ என்று ஆளுயர போர்டு. உள்ளே கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு சின்னப் பெண், “வாங்க சார்” என்று சிரிக்கிறாள், பாவம். இவர் ஜவுளிக்கடைப் பையிலிருந்து பழைய டயரியை எடுப்பார். ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்.

“இந்த ஏழு, மொத்தப் பணத்துக்குமா? இல்ல ஸ்லாபுக்கு மேல இருக்கறதுக்கு மட்டுமா?”

“5 லட்சத்துக்கு மேல உள்ளதுக்கு சார்.”

“அப்போ முதல் 5 லட்சத்துக்கு?”

“அது... மூணரை சார்.”

டயரியில் பெருக்கல் நடக்கும். “ஆக என் 12 லட்சத்துக்கு ஏழு வராது. அஞ்சரை சொச்சம்தான். சரி, வட்டியை மாசாமாசம் போடுவீங்களா, மூணு மாசத்துக்கு ஒருதரமா? மினிமம் பேலன்ஸ் குறைஞ்சா எவ்ளோ பிடிப்பீங்க?” அந்தப் பெண் மேனேஜர் அறையைக் கை காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். கணக்கு என்னவோ தொடங்கப்படும். வேறெங்காவது அரை சதவீதம் கூடுதல் என்று காதில் விழும்வரை அது உயிரோடிருக்கும்.

ஓர் உபகாரத்தையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டி வீட்டை விற்ற பணம் முழுவதையும் என் அம்மா ஒரே வங்கியில் வைத்திருந்தார். அதைப் பிரித்துப் போடச் சொன்னவர் இவர்தான். வங்கி முழுகினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் அதுவும் ஒரே லட்சம். இதை அம்மாவுக்கு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பழைய வரி முறையில் 50 ஆயிரம் வட்டி வரை வரிக்கழிவு உண்டென்று கூடவே ஒரு வகுப்பு. அம்மாவுக்கு இன்றைக்கும் அவர் தங்கமான பிள்ளை.

தங்கமான பிள்ளையின் கணக்கை நானும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். 12 லட்சத்துக்கு அரை சதவீதம், வருடத்துக்கு 6,000 ரூபாய். ஃப்ளாட் விலை 5 லட்சம் ஏறினால், ஐந்தில் ஒரு பங்கும் பத்திரச் செலவு 9 சதவீதமுமாகக் கையிலிருந்து போட வேண்டியது 1,45,000 கூடும். அரை சதவீதத்தை வைத்து அதை எட்டிப் பிடிக்க 24 வருடம். அதற்குள் விலை சும்மா இருக்குமா?

டயரியில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஆறாயிரத்துக்குக் கூட்டு வட்டி விட்டுட்டீங்களே சார்!”

இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் வாடகை ஏறுகிறது. கட்டுப்படியாகாத வருடம் பாத்திரபண்டம் மூட்டையேறுகிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. விலை ஏறுவதற்கு முன் மாடம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து, சமையலறை ஜன்னல்வரை பிடித்துப்போய் வந்து சொன்னார் அந்த அம்மாள். அந்த வாரம் இவர் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றிக்கொண்டிருந்தார். புதுக் கணக்குக்கு செக் புக் வரவில்லை. அட்வான்ஸ் கொடுக்க முடியவில்லை. வேறு யாரோ முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று சாயங்காலம் போன் செய்தார். வீடு முடிவாகிவிட்டதோ என்று ஆசையாக எடுத்தேன்.

“சார், ஒரு புது பேங்க். ஏழே கால். நீங்களும் சேர்ந்தா ரெண்டு பேருக்கும் ஐந்நூறு ரூபாய் தர்றானாம். ஆதார் கையில இருக்கா?”