சுரங்கவியல்: ஒருநாள் டூரை முன்வைத்து ஒரு போலாரம் கோட்பாடு

ஒருநாள் நகர்ச் சுற்றுலாவை ஆராய்ந்த அறிஞர்கள் கோட்டை, மசூதி, மியூசியம் என்று கண்ணுக்குத் தெரிகிறவற்றிலேயே காலத்தைக் கழித்துவிட்டார்கள். கைடின் மதிப்பு கண்ணுக்குத் தெரியாத ஒன்றில்தான் இருக்கிறது. அது சுரங்கம். ஹைதராபாத் டூர் பஸ் சார்மினாரில் ஆளை இறக்கியதும் 1591, முகம்மது குலி குதுப் ஷா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிருந்து கோல்கொண்டாவுக்குப் பாதாள வழி போகிறது என்று சொன்ன பிறகுதான் கடைசியில் நிற்கிறவர் முத்துமாலைக் கடையிலிருந்து கழுத்தைத் திருப்புவார். மதுரையிலும் மீனாட்சி கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் இடையே இதே வழியைச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இதைக் கேட்டால், பழைய ராஜாக்கள் தரைக்கு மேல் நடமாடினார்களா என்றே சந்தேகம் வருகிறது.

சுரங்கம் நால்வகைப்படும். அடைத்த சுரங்கம்: உண்டு, பார்க்க முடியாது. பாம்புச் சுரங்கம்: மேற்படி. வெள்ளைக்காரன் மூடிய சுரங்கம்: மேற்படி, கூடுதலாகத் தேசபக்தி. நான்காவதான ‘போனவர் திரும்பாச் சுரங்கம்’ தனி நூலுக்கு உரியது. உள்ளே போனது ஒரு கல்யாண கோஷ்டி என்பர் முன்சீட்டு மரபினர். மேளச் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது என்பது ஜன்னலோர உரை. கோஷ்டி அன்று, ஆடு என்பது பின்சீட்டுப் பாடம். டீக்கு நிறுத்திய இடத்தில் பின்சீட்டு மரபு இரண்டாகப் பிளந்ததால் உண்டாகி, இன்றுவரை எழுதப்படாமலே மேற்கோள் காட்டப்பட்டுவரும் மூன்றாம் உரையின் அடிக்குறிப்பு, ஆட்டின் கழுத்தில் மணி இருந்ததா என்பதைப் பல கோணங்களில் அலசி, இருந்திருக்கலாம் என்று முடிக்கிறது. இதை மறுத்து எழுந்த உரையும் இருந்திருக்கலாம் என்றே முடிகிறது, ஆனால் கோபமாக.

இவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி, சுரங்கம் எதற்கு என்பது. தப்பி ஓடத்தான் என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்டார்கள். இக்கட்டுரையின் துணிபு வேறு: அரசர்களின் சுரங்கம் சாப்பாடு கொண்டுபோவதற்கே. இதற்கான சான்று செகந்திராபாத்துக்கு வடக்கே போலாரத்தில் இருக்கிறது. 1860இல் எழுந்து, பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகையாக இருந்து, இன்று குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமான ராஷ்டிரபதி நிலையத்தில் 90 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒற்றைத் தளக் கட்டடம். அதன் சமையற்கட்டையும் சாப்பாட்டுக் கூடத்தையும் ஒரு சுரங்கம் இணைக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து பொதுமக்களும் உள்ளே போகலாம். சுவரில் சேரியல் ஓவியங்கள் உண்டு, பாம்பு இல்லை, போனவர்கள் திரும்பி வருகிறார்கள். புகையும் அனலும் வீட்டுக்குள் வராதபடி அக்காலத்தில் அடுக்களையைத் தள்ளிக் கட்டுவார்கள். அப்படித் தள்ளிவைத்த குழம்பு மேசைக்கு வந்தாக வேண்டுமே.

ஒரேயொரு சுரங்கத்தைக் கொண்டு எல்லாச் சுரங்கத்துக்கும் விதி செய்யலாமா என்று கேட்பார்கள். ஒரு பானை ஓட்டைக் கொண்டு ஒரு நாகரிகத்தையே எழுப்பி, அதற்குக் கருத்தரங்கும் நடத்தியவர்கள் நம்மிடம் இரண்டாவது சுரங்கம் கேட்பது முறையன்று. அட்லாண்டிக் கரையில் சான் ஹுவான் நகரத்து சான் கிறிஸ்டோபல் கோட்டையில் ஸ்பானியர் வெட்டிய சுரங்கங்கள் போருக்கானவை, அங்கும் டூர் வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போகிறார்கள், அதற்கென்ன பதில் என்பார் சிலர். ஸ்பானியச் சிப்பாய் பட்டினியாகவா சண்டை போட்டான்? சார்மினாரிலிருந்து கோல்கொண்டா ஏறத்தாழ 10 கிலோமீட்டர், போய்ச் சேர்வதற்குள் பிரியாணி ஆறிவிடாதா என்ற தடையே சற்று வலுவானது. ஆறாது. ஹைதராபாத்தில் பாத்திரத்தின் வாயை மாவால் ஒட்டித் தம் போடுவது வேறு எதற்காம்?

தப்பி ஓடவே சுரங்கம் என்போருக்கு 1687 போதும். ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் கோல்கொண்டாவை முற்றுகையிட்டு, உள்ளிருந்தவன் ஒருவனை வளைத்துக் கதவைத் திறக்கவைத்து நுழைந்தது. கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசன் தானா ஷா எந்தச் சுரங்கத்திலும் இறங்கவில்லை. பிடிக்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, வேளை வந்ததும் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் காஃபி கான். இந்த வேளையிலும் உணவு இறங்குகிறதா என்று வந்தவர்கள் வியந்தார்களாம். முற்றுகையிட்ட கோட்டையில் சாப்பாடு எப்படி வந்தது என்று வியந்திருந்தால் சுரங்கவியல் அன்றே பிறந்திருக்கும். ராஜா ஓடாததும் உணவு வந்ததும் ஒரே இடத்தில் பதிவாகியிருக்க, அறிஞர்கள் போர் உத்திகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எஞ்சுவது கைதட்டல். கோல்கொண்டாவின் ஃபதே தர்வாஜா வாசல் வளைவின் அடியில் நின்று கைடு தட்டினால் மேலே கோட்டை உச்சியில் பாலா ஹிஸாரில் கேட்கிறது. இதைச் சோதித்தே பார்க்கலாம். பகைவன் வந்ததை அறிவிக்கும் ஏற்பாடு என்று எல்லா கைடுகளும் சொல்கிறார்கள். பகைவன் வந்த அன்று யாரும் தட்டியதாகத் தெரியவில்லை. எந்த மெஸ்ஸிலும் கை தட்டினால் வருவது சர்வர்.