வரப்பு செதுக்கலில் அறமும் அங்குலமும்

ஒருவன் அறவழியில் நிற்பவனா என்றறிய அவன் மண்வெட்டியைப் பார்த்தால் போதும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தைச் செதுக்கி, சேறள்ளி அண்டை கட்டுவது தஞ்சைத் தரணியின் வழக்கம். செதுக்கிய அளவுக்குச் சேறு வைப்பவன் சான்றோன். கூடச் செதுக்கிக் குறைய வைப்பவன் சம்சாரி.

முன்னோர் வழி: கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்டவன் திருவாரூர் மனுநீதிச் சோழன். இதே கதையை மகாவம்சம் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்வதால், இருவரும் ஒருவர்தானா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள். அன்று ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரு பசு. அதன்பின் ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்தவற்றுக்கு அந்தப் பசு பொறுப்பாகாது.

இரவில் மடை திறத்தல்: இதற்கு 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைத்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்றும் சொல்லியாயிற்று. நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தவர் வயலில் ஆடு மேய்தல்: ஆட்டைக் கேட்கவும்.

இனி அங்குலம். நூறடி வரப்பில் ஆண்டுக்கு ஓரங்குலம் செதுக்கினால் எட்டுச் சதுர அடியும் சொச்சமும் தேறும். ஒரு குழி 144 சதுர அடி. அதைச் சேர்க்க 17 ஆண்டு தாண்டும். நூறு குழி கொண்ட ஒரு மாவுக்கு 1,728 ஆண்டு. கரிகாலன் கல்லணை கட்டிய கையோடு செதுக்கத் தொடங்கிய குடும்பத்துக்கு இந்நேரம் ஒரு மா கூடியிருக்கலாம். இத்தனை பொறுமை வேண்டிய காரியம் தவமா, திருட்டா?

தவமே என்பது முதற்கட்சி (மதகடிப் பேச்சு, இரண்டாம் வெற்றிலை, சுண்ணாம்புக்கு முன்). திருட்டே என்பது எதிர்க்கட்சி (பக்கத்து வயல் ஆத்தாவின் வாய்மொழி, கீழக்கரைப் பாடம், வசவு நீக்கிய பதிப்பு, மூலம் மூன்று ஊருக்குக் கேட்டது). எவரும் செதுக்கவில்லை, ஐப்பசி மழை கரைத்தது என்பது மூன்றாம் கட்சி (படித்துறை உரை, பல் துலக்கும் வேளை, வேப்பங்குச்சியை எடுக்காமல் சொன்னதால் சில சொற்கள் சிதைந்துள்ளன, சிதைந்த இடங்களை இரு பேராசிரியர்கள் நிரப்பியதில் கிடைத்தவை இரண்டு வெவ்வேறு மழைகள்).

என் நெறி எளியது. எதிர்வரப்பில் ஆள் நின்றால் குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தை விட்டு நகர மாட்டேன். ஆள் சாப்பிடப் போய்விட்டால், அதே கொள்கை, சூழலுக்கேற்ப. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருப்பார்கள்.

சர்வேயரை அழைக்கலாமே என்பீர்கள். நானும் அழைக்க மாட்டேன், பக்கத்து வயல்காரரும் அழைக்க மாட்டார். அந்தப் பக்கமும் மண்வெட்டி உண்டு. இருபுறமும் இளைத்த வரப்பில் நண்டு வளை போடுகிறது. எந்தப் பக்கம் தண்ணீர் ஏறி நின்றாலும், போட்ட யூரியாவோடு சேர்த்து மறுபக்கத்துக்குப் பகிர்ந்தளிக்கிறது. நண்டின் அறவியல் தனி ஆய்வுக்குரியது. நிதி கேட்டு எழுதியிருக்கிறேன். வந்ததும் குறுவையில் களப்பணி, குழம்பு பின்னிணைப்பில்.