ஒர்க் ஆர்டர் தேடு படலம்

ஏ.சி. சர்வீஸ் அலுவலகத்துக் கணினியில் ஒரு முறை ஒர்க் ஆர்டராக ஏறிய புகார் அழிவதில்லை. வேண்டும்போது அகப்படுவதும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். களம் சென்னை. பொழுது அக்னி நட்சத்திரம். ஆய்வுக் கருவிகள் ஒரு ஹெட்செட்டும், 'ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க சார்' என்னும் மந்திரமும்.

கம்ப்ளெயின்ட் நம்பர் தெரிந்தால் தேட வேண்டியதே இல்லை என்பர் மென்பொருள் விற்போர். மெய்தான். ஆனால் அந்த எண் எஸ்.எம்.எஸ்.ஸில் போயிருக்கும், எஸ்.எம்.எஸ். மருமகன் போனுக்குப் போயிருக்கும். மருமகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். ஆகவே இவ்வழியை இத்துடன் விடுகிறோம்.

அடுத்தது செல்பேசி எண். பத்து இலக்கம், இதில் குழப்பம் வர வழியில்லை என்று தோன்றும். ஒருவர் முன்னால் சுழியம் சேர்ப்பார், ஒருவர் கூட்டல் குறியோடு 91 சேர்ப்பார், இன்னொருவர் ஐந்துக்குப் பின் ஓர் இடைவெளி விடுவார், கண்ணுக்கு நன்றாயிருக்கிறது என்று. பல மென்பொருள்கள் தட்டியதை முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பவை. 98 என்று தொடங்கித் தேடினால் +91 என்று தொடங்கும் பதிவு அவற்றின் கண்ணில் படாது. முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் நடுவிலும் பார்க்கும் என்பது தேர்ந்தோர் மட்டுமே அறிந்த இரகசியம்.

பெயரில்தான் இவ்வியலின் உயிர் இருக்கிறது. மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலைக் குடும்பப்பெயராக்குவது ஒரு மரபு. அப்பா பெயரை முழுதாகக் கேட்டு வாங்கிப் போடுவது மற்றொன்று. வாடிக்கையாளர் கோபத்தில் இருக்கும்போது இது ஆகாது. அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பது மூன்றாவது, இதுவே பெருவழக்கு. இதனால் ஊரில் பாதிப் பேர் புள்ளி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாகி விட்டனர்.

ஒலியை வைத்துத் தேடினால் என்ன என்று ஒரு சாரார் வாதிடுவர். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த சவுண்டெக்ஸ் அதற்காகவே உள்ளது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, மீதியிலிருந்து மூன்று இலக்கம் எடுக்கும். எச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சண்முகம் ஒரே சண்முகமாக வந்து நிற்பார். இதற்காக அம்முறையைப் பாராட்டலாம். ஏழுமலையிடம் அது தோற்கும். எல் போட்டு எழுதினால் அந்த இடத்துக்கு 4, இசட்-எச் போட்டு எழுதினால் 2. இளங்கோவுக்கோ முதல் எழுத்திலேயே தகராறு: ஒருவர் 'ஈ' என்பார், ஒருவர் 'ஐ' என்பார். ரஸ்ஸலைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்தில் அவரிடம் யாரும் ஸ்ப்ளிட் ஏ.சி. ரிப்பேர் என்று வந்ததில்லை.

தமிழிலேயே பதிந்தால் தீரும் என்பார்க்கும் ஒரு சொல். கொளத்தூரின் 'கொ'வை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும்படி மென்பொருள் எழுதப்படாவிட்டால், கொளத்தூரில் தேடி கொளத்தூரைக் காணாமல் திரும்பலாம்.

இனி, ஆய்வாளர்கள் இதுவரை கவனியாத ஒரு முறையைக் கூறுகிறோம். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஜன்னலோர மேசையில் சீனியர் அக்கா ஒருவர் உண்டு.

"அக்கா, கொளத்தூர் இளங்கோன்னு ஒருத்தர். எதுல போட்டாலும் வரல."

"எப்ப கூப்பிட்டாராம்?"

"நேத்து, சாப்பாட்டு நேரத்துக்கு மேல."

"அப்ப அந்தப் புதுப் பையன்தான் எடுத்திருப்பான். அவன் ஐ போடுவான். பேர்ல வரலன்னா ரிமார்க்ஸ்ல 'தண்ணி'ன்னு தேடு. எல்லாரையும் மாதிரி வாட்டர் லீக்கேஜ்னு போட மாட்டான், தண்ணின்னுதான் போடுவான்."

வந்துவிட்டது. இதிலிருந்து பெறப்படும் கோட்பாடு: தேடவேண்டியது வாடிக்கையாளரை அன்று, பதிந்தவரை. அவர் எந்த ஷிப்ட், எதைச் சுருக்குவார், பசித்தால் எந்தக் கட்டத்தைக் காலியாக விடுவார் என்று அறிந்தவர்க்கு நட்சத்திரக் குறி தேவையில்லை. அக்கா லீவு போட்டால் சர்வர் படுத்தது போலவே ஆகும்.

இனி, ஒர்க் ஆர்டரின் நிலைகளைப் பற்றிச் சிறிது. மைக்ரோசாஃப்டின் ஃபீல்ட் சர்வீஸ் மென்பொருள் ஓர் ஒர்க் ஆர்டருக்கு ஆறு நிலை வகுக்கிறது: ஆள் ஒதுக்காதது, ஒதுக்கியது, வேலை நடப்பது, முடிந்தது, கணக்கில் ஏறியது, ரத்தானது. முடிந்ததும் கணக்கில் ஏறியதும் வேறு வேறு என்பது நுட்பமான பாகுபாடு. வாடிக்கையாளர் சாஸ்திரத்தில் நிலை இரண்டே: 'ஆள் வந்தாங்க', 'ஆள் வரல'. பென்டிங் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு 'சார், உங்க பேர்ல கம்ப்ளெயின்ட்டே இல்லையே' என்பவரும், 'நாலு தடவை போட்டாச்சு' என்பவரும் சண்டையிடும்போது இருவருமே உண்மை பேசுகின்றனர். நேற்று மாலை டெக்னீஷியன் கேட் பூட்டியிருக்கிறது என்று எழுதி அதை க்ளோஸ் செய்திருப்பார். கேட் பூட்டவில்லை, காலிங் பெல் வேலை செய்யவில்லை.

எல்லா வழியும் அடைபட்டபின் எஞ்சுவது, புதிதாக இன்னொன்று போட்டுவிடுவது. இதை நெறி பிறழ்ந்தது என்பாரும் உளர். மே மாதத்தில் அப்படிச் சொல்வார் எவரையும் நாம் கண்டதில்லை. புதிய ஒர்க் ஆர்டர் போட்டு, சேவ் கொடுத்து, வீட்டு முகவரி ஏறியதும், 'இதே முகவரியில் ஏற்கெனவே ஒன்று உள்ளது' என்று மென்பொருள் பழையதைத் தானாகவே எடுத்துக் காட்டும். மறுநாள் காலை ஒரே மொட்டைமாடியில் இரண்டு டெக்னீஷியன்கள் அவுட்டோர் யூனிட்டின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். கேஸ் சிலிண்டரை மற்றவர் கொண்டுவருவார் என்று இருவருமே நினைத்திருப்பார்கள்.