ஆட்சேபணைக்குரியவர்கள்

நான் குடியிருப்பது ஏரியில். ஏரிக்கரையில் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். எது கரை, எது ஏரி என்று காட்ட இப்போது ஏரி இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரிவது மெடிக்கல் ஷாப், காபிப்பொடிக் கடை, கல்யாண மண்டபம். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி என் வீடு. பட்டா உண்டு, சொத்து வரி ரசீது உண்டு. கடன் கொடுத்த வங்கி முப்பது வருட வில்லங்கம் பார்த்தது. அதற்கு முன்னால் இங்கே தண்ணீர் குடியிருந்ததா என்று கேட்கவில்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் அதை லாங் டேங்க் என்றே அழைத்தான். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் பகுதியில் தண்ணீரை வடித்துவிட்டு மனை பிரித்தார்கள். தியாகராய நகர் பிறந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். மழையைப் போற்ற ஓர் அதிகாரமே ஒதுக்கியவருக்கு, மழைநீர் நின்ற இடத்தில் கல்தேர்.

இதற்கெல்லாம் நகர வளர்ச்சி என்று பெயர். ஆக்கிரமிப்பு என்பது வேறு. ஆக்கிரமிப்புக்குத் தகரக் கூரை இருக்க வேண்டும், வாசலில் பிளாஸ்டிக் குடம் இருக்க வேண்டும், அதைச் செய்தவருக்குப் பட்டா இருக்கக் கூடாது. வருவாய்த் துறையில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. ஆறு, வாய்க்கால், ஏரி, சாலை எல்லாம் அதில் அடக்கம். அங்கே ஐம்பது வருடம் குடியிருந்து, ஓட்டுப் போட்டு, ரேஷன் வாங்கி, பிள்ளை பெற்று, பிணம் எடுத்திருந்தாலும் பட்டா கிடையாது. ஆட்சேபணை யாருக்கு என்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை. என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா முன்பு சைதாப்பேட்டையில், அடையாற்றின் ஓரம் இருந்தார். நடந்தே வருவார். இப்போது பெரும்பாக்கம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு வந்து சேர்கிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்ததில் காசு மிச்சம், நேரத்துக்கு யாரும் பாஸ் தரவில்லை. ஒருநாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சார், லேக் வியூ ரோடுன்றாங்களே, லேக் எங்க சார்?”

“இப்ப இல்லக்கா. தூர்த்துட்டாங்க.”

“யாரு?”

என்ன சொல்வது? அரசாங்கம் என்றேன்.

“அப்ப நாங்க ஆத்துக்குப் பக்கத்துல இருந்தோம்னு தூக்கினாங்க. நீங்க ஏரிக்குள்ளயே இருக்கீங்க.”

மானுடப் புவியியல் என்று ஒரு படிப்பு உண்டு. எந்த மண்ணில் எந்த மனிதர் ஏன் இருக்கிறார் என்பதை ஆராய்வது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஆகும். அக்கா பெருக்கி முடிப்பதற்குள் முடித்துவிட்டார்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதும், அடையாறு கரை தாண்டியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னால் சொன்னது. அந்த மனிதர்களில் ஒருவர்கூடப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்படவில்லை. மதகைத் திறந்தவர் யார், எப்போது, யாரைக் கேட்டு என்று ஊர் விவாதித்துக்கொண்டிருக்கையில், நனைந்தவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். உங்கள் உயிருக்கு ஆபத்து, ஆற்றோரம் இருக்கக் கூடாது, பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போகிறோம் என்றார்கள்.

அந்தப் பாதுகாப்பான இடமான பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம்.

கழுவெளி என்று பழைய மக்கள் சொன்ன நிலம் அது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து படுக்கும் இடம். அதைப் பாதிக்கு மேல் தின்று, மாநகரத்தின் குப்பையையும் அதிலேயே கொட்டி, மிஞ்சிய 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் வாங்கிக் கைதட்டினோம். பூநாரைகள் வருகின்றன. அவற்றிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது, மின்சாரம் போனது, மாடியில் இருந்தவர்கள் இறங்க முடியவில்லை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் கொண்டுவிடுவதற்கு ஒரு நிர்வாகத் திறமை வேண்டும். அது நம்மிடம் நிறையவே இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், எப்போதும் இப்படி இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்று எழுதி வைத்தார்கள். எழுதியதற்கு ஏற்ப, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டிக்கொடுக்கவும் செய்தார்கள். அந்தப் பழைய குடியிருப்புகள் இன்றும் நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. பூச்சு உதிர்ந்திருக்கும், படிக்கட்டு உடைந்திருக்கும், ஆனால் பிள்ளை பள்ளிக்கு நடந்து போகும். 1971-ல் 1,202 குடிசைப் பகுதிகளை முறைப்படி அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. அதோடு சரி. அதற்குப் பிறகு இந்த நகரத்தில் ஏழைகள் குடியேறுவது நின்றுபோனது போலும். அறிவிக்காவிட்டால் சட்டப் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இல்லாவிட்டால் அகற்றுவது சுலபம். இடையில் ‘குடிசை மாற்று’ என்பதற்கு வாரியம் வேறு பொருள் கண்டுபிடித்துவிட்டது. முதலில் குடிசையை மாற்றினார்கள், பிறகு குடிசைக்காரரை மாற்றினார்கள், 2021-ல் வாரியத்தின் பெயரையே மாற்றினார்கள். இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பெயரில் நகர்ப்புறம், கட்டடம் பெரும்பாக்கத்தில்.

பெயர் வைப்பதில் நம்மை அடிக்க ஆள் இல்லை. துரைப்பாக்கத்தில் 2000-த்தில் தொடங்கி 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை நெருக்கியடித்துக் கட்டினார்கள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. அதற்குக் கண்ணகி நகர் என்று பெயர். சொந்த ஊரை விட்டு வேறு ஊர் போய் வாழ்க்கையைத் தொலைத்த பெண்ணின் பெயரை, துரத்தப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்தவர் ஒன்று சிலப்பதிகாரம் படிக்காதவர், அல்லது நன்றாகப் படித்தவர். அவள் கடைசியில் ஊரை என்ன செய்தாள் என்பது மட்டும் அவருக்கு மறந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே எழில் நகர். கூவம் கரையில் இடிக்கப்பட்டவற்றில் சத்தியவாணி முத்து நகர் ஒன்று. தாழ்த்தப்பட்டோர் நலனுக்கு அமைச்சராக இருந்தவரின் பெயர். 2019 டிசம்பரில், பள்ளிக்கூடம் நடுவருடத்தில் இருக்கும்போது, அங்கிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். முழுப் பரீட்சைக்கு மூன்று நான்கு மாதம் இருந்தது. ஆற்றை அவ்வளவு அவசரமாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆறு இன்னும் நாறுகிறது.

எட்டு அடுக்கு, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட். பெரும்பாக்கம் அவ்வளவுதான். அங்கே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைச் சொல்ல ஆய்வுக் குழு வேண்டாம். கண் இருந்தால் போதும். ஊருக்கு வெளியே சேரி என்பதைக் கிராமத்தின் கொடுமை என்று நகரத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறோம். நகரம் செய்தது, அந்தச் சேரியை எட்டு மாடி உயரத்துக்குத் தூக்கி, டெண்டர் விட்டுக் கட்டியது.

அப்புறம் விலாசம். கண்ணகி நகர் என்று விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது, இரவில் ஆட்டோ வராது என்று அங்குள்ள பிள்ளைகள் இருபது வருடமாகச் சொல்கிறார்கள். இதற்கு நாம் கண்டுபிடித்த தீர்வு பெயிண்ட். 2020-ல் ஒரு பெயிண்ட் கம்பெனியின் துணையோடு ஓவியர்கள் வந்து சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரைந்தார்கள். படங்கள் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். அதைப் பார்க்க மாம்பலத்திலிருந்தெல்லாம் காமிராவோடு போனார்கள்; செல்ஃபி எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பினார்கள். 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் இருந்தபோது, அந்த விலாசம் ஒரு வாரம் எல்லோருக்கும் இனித்தது. அவர் விளையாடிப் பழகியது நாம் தள்ளிவிட்ட இடத்தில் என்பதை அந்த வாரம் யாரும் பேசவில்லை.

நீர்நிலை மேல் உண்மையிலேயே இவ்வளவு பாசமா என்று சோதித்துப் பார்க்கலாம். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டியது. அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கி 1990-களில் பறக்கும் ரயில் ஓட விட்டார்கள். ரயில்வே ஆட்சேபணைக்குரியதல்ல. அதே கால்வாயின் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் பொக்லைன் வந்தது. வீடுகள் இடிபடுவதைப் பார்த்த ஒரு முதியவர் தன்மீது தீ வைத்துக்கொண்டு செத்தார். தூண்கள் அசையவில்லை. கடல் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பில். செம்மஞ்சேரியில் காவல் நிலையம் கட்டியதே தாமரைக்கேணி என்ற நீர்நிலையில்தான் என்று உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி எத்தனையோ ஆணைகள் பிறந்திருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கட்டடம் நிற்பது உலகனேரிக் கண்மாயில். இதற்கு மேல் எழுதினால் அவமதிப்பு ஆகிவிடும், கண்மாயைச் சொல்லவில்லை.

வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைச் சிலிர்ப்போடு நடத்துகிறார்கள். நடைபாதைவாசிகளைக் காலிசெய்யலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

இது சென்னையின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட வேண்டாம். வளரும் நாடு என்றால் எங்கும் இதுதான். நைஜீரியாவில் லாகோஸ் நகரின் மரோக்கோ குடியிருப்பை 1990-ல் ராணுவ ஆட்சி இடித்தபோது ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். கடல் மட்டத்தைவிடத் தாழ்வான நிலம், மூழ்கிவிடும் என்பது அங்கே சொன்ன காரணம். பிறகு அந்த நிலத்தில் பணக்காரர்களின் வீடுகள் எழும்பின. கடலுக்கும் மரியாதை தெரியும் போலிருக்கிறது. மும்பையில் தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் இருந்தவர்களை, சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே மாஹுலில் கொண்டுபோய் வைத்தார்கள். 2020-ல் அமெரிக்க அதிபர் வருகிறார் என்று அகமதாபாத்தில் குடிசைகளின் முன்னால் சுவரே எழுப்பினார்கள். அவர்களையாவது பாராட்ட வேண்டும். சுவருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைக்கவில்லை.

2021 நவம்பரில் எங்கள் பக்கமும் தண்ணீர் வந்தது. தி.நகரிலும் மாம்பலத்திலும் முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பு. என்ன நடந்தது தெரியுமா? மோட்டார் வந்தது. அமைச்சர்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தார்கள். மழைநீர் வடிகால் சரியில்லை என்று தொலைக்காட்சியில் கோபப்பட்டோம். அடுத்த மழைக்குள் எங்களுக்காகத் தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டினார்கள். யாரும் வந்து காலிசெய்யச் சொல்லிக் கைரேகை எடுக்கவில்லை. உங்கள் உயிருக்கு ஆபத்து, இது ஏரி, கிளம்புங்கள் என்று சொல்லவில்லை. அதே மழை, அதே தண்ணீர். எங்களுக்கு மோட்டார், அக்காவுக்கு பொக்லைன்.

ஆகவே மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். நீர்நிலை ஆக்கிரமிப்பாளன் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்கிறேன். வீடு மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு அருகில். ஏரி வந்து போனதற்கு 2021-ம் வருடத்துப் புகைப்படங்கள் இணைத்திருக்கிறேன். என் தெருவில் இன்னும் நாற்பது குடும்பங்கள் தயார். ஆடிட்டர் ஒருவர், ஓய்வுபெற்ற என்ஜினியர் இருவர். எங்களுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில், லிஃப்ட் ஓடாத பிளாக்காகப் பார்த்து ஒதுக்கவும். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை மார்ச்சில். அதற்கு முன்னால் லாரி அனுப்பினால் முறைப்படி இருக்கும். டோக்கன் வாங்க எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.