ஓடாத வண்டியின் உயிர்நிலை

ஒரு மோட்டார் வாகனம் அழிந்துபோனாலோ, இனி எக்காலத்தும் பயன்படாது என்ற நிலையை அடைந்தாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அதைத் தெரிவித்து, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றையும் அனுப்பிவிட வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 55-ஆவது பிரிவில் விதிக்கிறது. இதை இயற்றியோர் சென்னைப் புறநகரான தாம்பரத்து அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்று கருத இடமுண்டு. ஏனெனில் அந்த வட்டாரத்துச் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் எந்த வண்டியும் 'இனி ஓடாது' என்ற நிலையை அடைவதில்லை, 'ஒரு பிளக் மாத்தினா போதும்' என்ற நிலையிலேயே பல்லாண்டு நீடிக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் பக்கத்து முடிச்சூருக்குள் புகுந்து மூழ்கடித்த வண்டிகளுக்கும், சேற்றை வழித்த கையோடு இதே நம்பிக்கைதான் அளிக்கப்பட்டது.

பிரிட்டனில் 1998 முதல், சாலையில் ஓட்டாமல் வீட்டில் நிறுத்திவைக்கும் காரையும் அரசுக்கு அறிவிக்கும் முறை உண்டு. அதாவது அங்கே வண்டியின் உறக்கத்துக்கும் ஒரு படிவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காலாண்டு வரி கட்டும் லாரிக்காரர் வண்டி ஓடவில்லை என்று எழுதிக் கொடுப்பதில் பொருளுண்டு, வரி மிச்சம். வாங்கும்போதே ஆயுள்கால வரி கட்டிவிட்ட ஸ்கூட்டர்காரருக்கோ அறிவித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே அவர் தாமே ஓர் உறக்கநிலையை வகுத்துக்கொண்டார்; அதன் பெயர் கவர் போட்டு மூடுதல்.

அந்தக் கவரை விலக்கினால், டி.என்.11 என்ற தாம்பரத்துக் குறியீடு பாதி உதிர்ந்து, இரு டயரும் தரையோடு தரையாகி, கிழிந்த சீட்டின் பஞ்சில் பூனை குட்டி போட்டிருப்பதைக் காணலாம். ஆனால் ஹேண்டில்பாரில் சென்ற ஆயுத பூசையின் சந்தனம் இன்னும் அழியவில்லை. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டி நகர மறுப்பதால், வீட்டுத் தலைவர் அதைக் குதிகாலால் மிதித்துச் சடங்கை நிறைவேற்றுகிறார்.

15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து, குடியிருப்போர் சங்கமும் இருமுறை நோட்டீஸ் ஒட்டிய பின், காயலான் கடைக்காரர், அதாவது பழைய இரும்பு வாங்குபவர், வரவழைக்கப்பட்டு, எடை போட்டு விலை பேசுகிறார். சேசிஸ் எண்ணை வெட்டி வாங்கி, ஆர்.சி.யோடு கொண்டுபோய்ப் பதிவை நீக்கச் செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டார் நினைவூட்டுகின்றனர். வண்டி குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறது, ஆர்.சி. மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, பீரோவில் பட்டுப்புடவைக்கடியில் வைக்கப்படுகிறது.