தஞ்சாவூர் போய் எதையும் பார்க்காமல் திரும்புவது எப்படி?

முதலில் தேதி. கல்லணைக்கு மே மாதத்தில் போங்கள். மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர இன்னும் மூன்று நான்கு நாளாகும். அப்போது போனால், மதகு தூக்கும்போது பூவும் விதைநெல்லும் தூவிக் கும்பிடுகிறவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மே மாதத்தில் மணல்தான் இருக்கும், படம் எடுக்கத் தோது. ‘ரெண்டாயிரம் வருஷத்து அணை’ என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பலாம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிவதும், எந்த ஆற்றில் எத்தனை நாள் முறை என்று டெல்டா முழுக்கக் கணக்குப் பார்ப்பதும் உங்களுக்கு எதற்கு? ஆர்தர் காட்டன் இந்த அணையை உட்கார்ந்து ஆராய்ந்தார், 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அவருக்கு அது உத்தியோகம். உங்களுக்கு அடுத்த ஊர் காத்திருக்கிறது.

பெரிய கோயிலில் நேராக நந்தியிடம் போய்விடுங்கள். நாயக்கர் காலத்து நந்தி அது, ராஜராஜன் கண்ணால் பார்த்ததில்லை. அதைச் சொல்லிப் படத்தைக் கெடுக்க வேண்டாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் தலையாட்டி நம்புங்கள். நம்பிக்கொண்டே அந்த நிழலில் போய் உட்காருங்கள். வெயில் சாய்ந்த பிறகு பிராகாரத்தில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது.

சுவரில் எழுத்து தென்பட்டால் மட்டும் குனியாதீர்கள். 1010இல் முடிந்த இந்தக் கோயில், தன் வரவு செலவையெல்லாம் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்து. படிக்க ஆரம்பித்தால் இந்தக் கோயிலே நெல்லில் நடந்தது என்பது தெரிந்துவிடும். அப்புறம் வெளியே வந்து வயலைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

சாப்பாட்டுக்கு வருவோம். டிகிரி காபியைப் புறவழிச் சாலையில், பளபளக்கும் புதுப் பித்தளை டபராவில் குடிக்க வேண்டும்; அதற்காகக் கும்பகோணத்துக்குள் போவது அநாவசியம். போனாலும் இட்லிக்குக் கடப்பா உண்டா என்று கேட்காதீர்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட அந்தக் குழம்பை ஒருதரம் ஊற்றிக்கொண்டவர்கள் சாம்பாரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. (இது என் கட்சி. எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) திருவையாற்றில் அசோகா கேட்காதீர்கள், ‘பாசிப்பருப்பில் அல்வாவா?’ என்று முகம் சுளித்துவிட்டு, பன்னீர் பட்டர் மசாலா எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

மராட்டிய அரண்மனை அடுக்களையில் ஒருநாள் புளிப்புக்குப் போடும் கோகம் தீர்ந்துபோய்ப் புளியைக் கரைத்து ஊற்றினார்கள், விருந்தாளி சாம்பாஜி பெயரால் சாம்பார் வந்தது என்ற கதையை அவசியம் சொல்லுங்கள். ஆதாரம் யாரும் காட்டியதில்லை. கதை ருசியாக இருக்கிறது, அது போதும். சரஸ்வதி மகால் நூலகம் ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்று அந்த அரண்மனைச் சமையல் சுவடியை அச்சிட்டிருக்கிறது. அதை வாங்கிவிடாதீர்கள். நிஜமாக என்ன சமைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் கதை சொல்கிற தைரியம் போய்விடும்.

கடைசியாக, திருவாரூரைத் தாண்டாதீர்கள். அதற்கப்பால் கடைமடை. ‘தண்ணி வந்துச்சா?’ என்பதுதான் அங்கே குசலம் விசாரிப்பு. கீழ்வெண்மணியும் அந்தப் பக்கம்தான். சுற்றுலாப் பட்டியல்களில் அநேகமாக இருக்காது. வயலில் வேலை செய்தவர்கள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, பண்ணையார்களின் ஆட்கள் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நினைவிடம் இருக்கிறது. கோயில் சுவரில் 100 கலத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த அரைப்படி தொண்டையில் நிற்கும். குனியாதீர்கள் என்று அதற்குத்தான் சொன்னேன்.

இனி வருவது யோசனை இல்லை, வேண்டுகோள். அறுவடைக் காலத்தில் போனால் பாதிச் சாலையில் நெல் காயும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு தந்தாலொழிய, கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களம் போதாதவர்கள் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். ஹாரன் அடிக்காமல், மெதுவாக, ஒதுங்கிப் போங்கள். நெல் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள்.